ஆஞ்சியோகிராம் நார்மல் என்றார்கள், நெஞ்சு மட்டும் ஏன் இறுகுகிறது?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 48 வயது, ஊர் காரைக்குடி. ஒரு வருடமாக மாடிப்படி ஏறினால் நெஞ்சின் நடுவில் இறுக்கிப் பிடிக்கிறது. நின்றால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். சில நாள் விடியற்காலையில் படுத்திருக்கும்போதே வருகிறது. டிரெட்மில் டெஸ்ட்டில் ஈசிஜி மாறுகிறது என்று மதுரையில் ஆஞ்சியோகிராம் செய்தார்கள். ‘ஒரு இடத்தில் 20 சதவீதம் லேசான படிவு, மற்றபடி நார்மல்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘எண்டோதீலியல் டிஸ்ஃபங்ஷன் இருக்கலாம்’ என்று ஒரு வரி இருக்கிறது, யாரும் விளக்கவில்லை. உறவுக்காரர்கள் கேஸ் என்கிறார்கள். பிரஷர் 146/92, வெறும் வயிற்றில் சுகர் 112, மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.2, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 210, நல்ல கொழுப்பான ஹெச்டிஎல் 36, கெட்ட கொழுப்பான எல்டிஎல் 128, சிறுநீரில் மைக்ரோ அல்புமின் 48. இடுப்புச் சுற்றளவு 94 செ.மீ. முதல் பிரசவத்தில் பிரஷர் ஏறி எட்டாம் மாதமே குழந்தையை எடுத்தார்கள். மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆகிறது. ஆஞ்சியோ நார்மல் என்றதும் கொழுப்பு மாத்திரையை நானே நிறுத்திவிட்டேன். தெரிந்தவர் ஒருவர் ரத்தக்குழாயைச் சரிசெய்ய ஆர்ஜினின் பவுடர் வாங்கச் சொல்கிறார், மாதம் 3,000 ரூபாய். இன்னொருவர் காலில் பட்டை கட்டிக் காற்றால் அழுத்தும் இ.இ.சி.பி. சிகிச்சையை 35 நாள் எடுக்கச் சொல்கிறார். என் பார்டர் சுகருக்கும் இந்த நெஞ்சுவலிக்கும் சம்பந்தம் உண்டா? என் வீட்டுக்காரர் வீட்டுக்குள்ளேயே சிகரெட் பிடிப்பவர், அதுவும் ஒரு காரணமா? தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகலாமா?

— ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: முதலில் உங்கள் உறவுக்காரர்களிடம் சொல்லிவிடுங்கள், இது கேஸ் இல்லை. படி ஏறினால் வருகிறது, நின்றால் அடங்குகிறது, நெஞ்சின் நடுவில் இறுக்கமாக இருக்கிறது, அதே நேரத்தில் ஈசிஜியும் மாறுகிறது. இவ்வளவும் சேர்ந்து வந்தால் இதயத் தசைக்கு அந்த நேரத்தில் ரத்தம் போதவில்லை என்று அர்த்தம். வாயுத் தொல்லைக்கு மாடிப்படி எது, சமதளம் எது என்று தெரியாது.

இன்னொன்றையும் தள்ளிப்போடாமல் சொல்கிறேன். வலி ஓய்வெடுத்தும் சில நிமிடங்களில் அடங்காவிட்டாலோ, வியர்வை, வாந்தி, மூச்சுத்திணறல், தாடைக்கோ கைக்கோ பரவுவது என்று எது சேர்ந்து வந்தாலோ, ‘ஆஞ்சியோ நார்மல்தானே’ என்று வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். அந்த ரிப்போர்ட் எடுத்த நாளுக்கான ரிப்போர்ட், அதுவும் பெரிய குழாய்களுக்கு மட்டும்.

‘பெரிய குழாய்களுக்கு மட்டும்’ என்பதை விளக்கிவிட்டால் உங்கள் கேள்வியில் பாதி தீர்ந்துவிடும். ஆஞ்சியோகிராமில் சாயம் ஏற்றிப் படம் பிடிக்கும்போது தெரிவது இதயத்தின் மேற்பரப்பில் ஓடும் கரோனரித் தமனிகளும் அவற்றின் முக்கியக் கிளைகளும்தான். அவை பிரிந்து பிரிந்து இதயத் தசைக்குள் இறங்கி, அரை மில்லிமீட்டருக்கும் கீழே மெலிந்து போகும் நுண்குழாய்கள் படத்தில் விழாது. தசைக்கு எந்த நொடியில் எவ்வளவு ரத்தம் விடுவது என்பதைத் தீர்மானிப்பதோ அந்த நுண்குழாய்கள்தான். நாம் ரத்தக்குழாய் என்றதும் பிளம்பர் போட்ட பைப்பை நினைத்துக்கொள்கிறோம். அடைப்பு இருந்தால் நோய், இல்லாவிட்டால் நலம். ஆனால் இந்தப் பைப்புக்கு உயிர் உண்டு. நொடிக்கு நொடி விரியும், சுருங்கும். விரிய வேண்டிய நேரத்தில் விரியாவிட்டால், எங்கும் அடைப்பே இல்லாமலும் நெஞ்சு வலிக்கும்.

இப்படி வலியோடு வந்து ‘நார்மல்’ ரிப்போர்ட்டோடு திரும்புகிறவர்கள் கொஞ்ச நஞ்சம் பேர் இல்லை. டென்மார்க்கில் நெஞ்சுவலிக்காக முதன்முறை ஆஞ்சியோகிராம் செய்துகொண்ட 11,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டார்கள். பெண்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்கும், ஆண்களில் மூன்றில் ஒருவருக்கும் பெரிய அடைப்பு எதுவும் இல்லை. அவர்கள் எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தால், அதுவும் இல்லை. வலி இல்லாத மற்றவர்களோடு ஒப்பிட்டால் இவர்களுக்குப் பின்னாளில் இதயப் பாதிப்பு அதிகமாகவே வந்திருக்கிறது. இப்படிப்பட்ட பெண்களிடம் டென்ஷன், மெனோபாஸ், மனசை லேசாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பும் வழக்கம் எங்கள் துறையில் இன்னும் போகவில்லை. உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த ஒரு வரியை எழுதியவர் நல்ல டாக்டர். கூட ஐந்து நிமிடம் பேசியிருக்கலாம்.

அந்த வரிக்கு வருவோம். எண்டோதீலியம் என்பது ரத்தக்குழாயின் உட்பக்கம் முழுவதையும் போர்த்தியிருக்கும் செல்வரிசை. அடுக்கு என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரே ஒரு செல் தடிமன்தான். இதயத்தில் தொடங்கி சிறுநீரகம், கண், மூளை, விரல்நுனி வரை ஓடும் எல்லாக் குழாய்களின் உள்ளேயும் இது உண்டு. ரத்தம் நேரடியாகத் தொடுவது இதைத்தான். நெடுங்காலம் இதை ஒரு வெறும் பூச்சு என்றே மருத்துவர்கள் நினைத்திருந்தார்கள்.

அந்த நினைப்பை மாற்றியவர் நியூயார்க்கின் புரூக்ளினில் வேலை பார்த்த ராபர்ட் ஃபர்ச்காட். முயலின் பெருந்தமனியைத் துண்டாக வெட்டி, அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை விட்டால் அது சுருங்கும். உயிருள்ள உடம்பிலோ அதே மருந்து குழாய்களை விரிக்கும். இந்த முரண்பாடு பல வருடமாகப் புரியாமலே கிடந்தது. துண்டைத் தயார் செய்யும்போது உட்பக்கம் உரசி அந்த மெல்லிய செல்வரிசை உதிர்ந்து போவதுதான் காரணம் என்று அவர் கண்டுபிடித்தார். உரசாமல் எடுத்த துண்டு அழகாக விரிந்தது. 1980-இல் அதை வெளியிட்டார். அப்படியானால் விரியச் சொல்லும் ஏதோ ஒன்றை அந்தச் செல்கள் வெளிவிடுகின்றன. அது என்ன என்று தேடியதில் அகப்பட்டது நைட்ரிக் ஆக்சைடு, ஒரு வாயு. இதற்காக ஃபர்ச்காட், லூயி இக்னாரோ, ஃபெரிட் முராட் மூவருக்கும் 1998-இல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நைட்ரோகிளிசரினை வைத்து டைனமைட் செய்து பணக்காரரான ஆல்ஃபிரட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் நெஞ்சுவலிக்கு நைட்ரோகிளிசரினைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். அது உடம்புக்குள் நைட்ரிக் ஆக்சைடாகி வேலை செய்கிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. இன்று நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லும் மாத்திரைகளும் அதே குடும்பம்தான்.

நலமாக இருக்கும் எண்டோதீலியம் குழாயை விரிப்பதோடு நிற்பதில்லை. ரத்தத் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் பார்த்துக்கொள்கிறது. வெள்ளையணுக்கள் சுவரில் ஒட்டாமல் வழுக்கிப் போகச் செய்கிறது. எதை உள்ளே விடுவது, எதை ரத்தத்திலேயே வைத்திருப்பது என்று தீர்மானிக்கிறது. இது நலிந்தால் எல்லாமே தலைகீழாகிறது: குழாய் இறுகும், உறைகட்டி எளிதில் உண்டாகும், சுவருக்குள் எல்டிஎல் புகுந்து தங்கும், அதைத் தின்ன வெள்ளையணுக்கள் உள்ளே வரும், அழற்சி தொடங்கும். மாரடைப்புக்குக் காரணமாகும் கொழுப்புப் படிவின் முதல் படி இதுதான். உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள 20 சதவீதம் அங்கே உருவானது.

சுருக்கத்தைப் பற்றி 1986-இல் ஒரு முக்கியமான ஆய்வு வந்தது. ஆஞ்சியோகிராம் செய்யும்போதே கரோனரித் தமனிக்குள் அசிட்டைல்கோலினைச் செலுத்திப் பார்த்தார்கள். நல்ல தமனிகள் விரிந்தன. கொழுப்புப் படிவு தொடங்கிய தமனிகள், படிவு லேசாக இருந்தவைகூட, விரிவதற்குப் பதிலாகச் சுருங்கின. விரி என்ற உத்தரவைச் சுருங்கு என்று புரிந்துகொள்ளும் தமனி. படி ஏறும்போது உங்கள் இதயம் கூடுதல் ரத்தம் கேட்கிறது. நுண்குழாய்கள் போதுமான அளவு விரிவதில்லை. விடியற்காலையில் சும்மா படுத்திருக்கும்போது வருவது வேறு வகையாக இருக்கலாம். பெரிய தமனியே சில நிமிடம் இழுத்துச் சுருங்கும் ஒரு வகை உண்டு, அது அந்த நேரத்தில்தான் அதிகம் வரும். இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்க முடியும். மருந்து சற்று மாறும் என்பதால் விடியற்கால வலியைப் பற்றி டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

சரி, சுகருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டீர்கள். எனக்குப் பிடித்த கேள்வி இது. ஏனென்றால் சுகர் ஒரு டாக்டரிடம், பிரஷர் இன்னொரு டாக்டரிடம், நெஞ்சு வேறொருவரிடம் என்று நாம் பிரித்துக்கொண்டு போகிறோம். உடம்பு அப்படிப் பிரித்து வைக்கவில்லை.

சாப்பிட்டதும் இன்சுலின் சுரக்கிறது. அது தசைக்குப் போய்ச் சர்க்கரையை உள்ளே இழுக்கச் சொல்லும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் ஒரு வேலை நடக்கிறது. இன்சுலின் ரத்தக்குழாயின் உட்சுவரைத் தொட்டு நைட்ரிக் ஆக்சைடை வெளிவிடச் செய்கிறது. தசைக்குள் மூடிக்கிடந்த நுண்குழாய்கள் திறக்கின்றன. அதன் வழியாகத்தான் சர்க்கரையும் இன்சுலினும் தசைக்குப் போய்ச் சேர்கின்றன. குழாய் திறக்காவிட்டால் தசைக்குச் சர்க்கரை குறைவாகப் போகும், ரத்தத்தில் தங்கும். நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும் நொதியை மரபணுவிலேயே நீக்கி எலிகளை வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். அவற்றுக்குப் பிரஷர் ஏறியது, அது எதிர்பார்த்ததுதான். கூடவே இன்சுலினும் அவற்றிடம் சரியாக வேலை செய்யவில்லை. ஆக, உட்சுவர் கெட்டாலே சுகர் பக்கம் சரிவு தொடங்கிவிடலாம்.

மறுபக்கமும் உண்டு. உட்சுவர்ச் செல்லுக்குள் இன்சுலினின் உத்தரவு இரண்டு வழியில் போகிறது. ஒன்று நைட்ரிக் ஆக்சைடைக் கொண்டுவந்து குழாயை விரிக்கும். மற்றது எண்டோதீலின் என்ற பொருளை உண்டாக்கிக் குழாயை இறுக்கும். வயிற்றுக் கொழுப்பு சேர்ந்து இன்சுலினுக்கு உடம்பு மசியாமல் போகும்போது முதல் வழிதான் மங்குகிறது, இரண்டாவது வழி அப்படியே நிற்கிறது. கணையமோ ஈடுகட்ட இன்னும் அதிக இன்சுலினைச் சுரக்கிறது. பலன், இறுக்கும் பக்கம் ஓங்குகிறது. பிரஷர் ஏறுவதில் இதற்கும் பங்கு உண்டு. போதாக்குறைக்கு, தசையைப் போல இன்சுலின் சொன்னால்தான் சர்க்கரையை எடுப்பேன் என்று உட்சுவர்ச் செல்லால் இருக்க முடியாது. ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு ஏறுகிறதோ அந்த அளவுக்கு அதற்குள்ளும் நுழையும். அது உள்ளே பல ரசாயனக் கோளாறுகளைக் கிளப்பி, இருக்கிற நைட்ரிக் ஆக்சைடையும் அழிக்கிறது. உட்சுவர் நலிவு சுகரைத் தூண்டுகிறது, சுகர் உட்சுவரை மேலும் நலிய வைக்கிறது. கோழியா முட்டையா என்று ஆராய்ச்சியாளர்கள் பேசிக்கொள்ளட்டும், உங்களுக்கும் எனக்கும் இரண்டையும் சேர்த்துக் கவனிப்பதே வேலை.

இப்போது உங்கள் எண்களைப் பாருங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு இடுப்பு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும், உங்களுக்கு 94. டிரைகிளிசரைடு 150-க்குக் கீழே இருக்க வேண்டும். ஹெச்டிஎல் பெண்களுக்கு 50-க்கு மேல் வேண்டும். பிரஷர் 130/85, வெறும் வயிற்றுச் சுகர் 100, இவையெல்லாம் எல்லைக்கோடுகள். ஐந்தில் மூன்று தாண்டினாலே மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்று சொல்லிவிடுவோம். உங்களுக்கு ஐந்துமே தாண்டியிருக்கிறது. 2023-இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின் கணக்குப்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி, உங்களைப் போல விளிம்பில் நிற்கிறவர்கள் 13.6 கோடி. ‘பார்டர் சுகர்தான், ஒன்றும் இல்லை’ என்ற பேச்சு எனக்கு அறவே பிடிக்காது. கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் அது பார்டராக இருக்கலாம். உட்சுவருக்குத் தொல்லை அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

உங்கள் கடிதத்தில் என் கண் முதலில் போய் நின்றது மைக்ரோ அல்புமின் 48-இல். 30-இலிருந்து 300 வரை இருந்தால் லேசான கசிவு என்று பொருள். சிறுநீரகத்தின் வடிகட்டியும் நுண்ணிய ரத்தக்குழாய்களால் ஆனதுதான். அங்கே உட்சுவரும் அதன் மேலே படர்ந்திருக்கும் வழவழப்பான மென்போர்வையும் கெடும்போது, வெளியே போகக்கூடாத அல்புமின் என்ற புரதம் கொஞ்சம் கசிகிறது. இந்தக் கசிவு சிறுநீரகத்தின் பிரச்சினை மட்டும் இல்லை, உடம்பெங்கும் ரத்தக்குழாய் நலிவதன் அறிகுறி என்று டென்மார்க்கின் ஸ்டெனோ நீரிழிவு மருத்துவமனை மருத்துவர்கள் 1989-லேயே எழுதினார்கள். உட்சுவரை நேரில் பார்க்க முடியாதபோது, குறைந்த செலவில் கிடைக்கும் எட்டிப்பார்க்கும் ஜன்னல் இந்த டெஸ்ட்தான். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடற்பயிற்சி இருந்தாலும் அளவு ஏறும் என்பதால், மூன்று மாதத்துக்குள் காலைச் சிறுநீரில் இன்னும் ஒன்றிரண்டு முறை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிரசவத்தைப் பற்றிப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது போகிற போக்கில் சொல்கிற விஷயம் இல்லை. கர்ப்பகாலத்தில் பிரஷர் ஏறிச் சிறுநீரில் புரதம் போகும் அந்த நோயே தாயின் ரத்தக்குழாய் உட்சுவரில் நடக்கும் நோய்தான். நஞ்சுக்கொடியிலிருந்து அளவுக்கு மீறி ரத்தத்தில் கலக்கும் ஒரு புரதம், உட்சுவருக்கு வேண்டிய வளர்ச்சிக் காரணியைத் தடுத்துவிடுகிறது; இதை 2003-இல் பாஸ்டனில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது இந்திய வம்சாவளி மருத்துவர் அனந்த் கருமஞ்சியின் குழு. குழந்தை பிறந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நாம் மறந்துவிடுகிறோம். அந்த நிலை வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் இதயநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. இனி எந்த டாக்டரிடம் போனாலும் இதை முதலிலேயே சொல்லுங்கள். மாதவிலக்கு நின்றதும் ஈஸ்ட்ரோஜன் உட்சுவருக்குக் கொடுத்து வந்த ஆதரவு குறைகிறது. உங்கள் வலி இந்த ஒரு வருடத்தில் தொடங்கியது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அதற்காக ஹார்மோன் மாத்திரை வேண்டாம், இதயத்தைக் காக்க அதைக் கொடுப்பதில்லை.

டெஸ்ட் ஏதாவது செய்ய வேண்டுமா? எண்டோதீலியம் எப்படி இருக்கிறது என்று சொல்ல ரத்தப் பரிசோதனை எதுவும் வழக்கத்தில் இல்லை. கையில் பிரஷர் பட்டையை ஐந்து நிமிடம் இறுக்கிவிட்டு, தளர்த்தியதும் தமனி எவ்வளவு விரிகிறது என்று அல்ட்ராசவுண்டில் பார்க்கும் முறை 1992-இலிருந்து இருக்கிறது. அது ஆராய்ச்சிக்கு நல்லது, உங்கள் சிகிச்சையை மாற்றப் போவதில்லை. முகாம்களில் விரலில் ஒரு கிளிப்பை மாட்டி ‘உங்கள் ரத்தக்குழாயின் வயது 67’ என்று பேப்பர் கொடுப்பதை நம்பிக் காசைக் கொட்ட வேண்டாம். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் கரோனரிக்குள் மெல்லிய கம்பியை விட்டு ரத்த ஓட்டத்தை அளந்து, அசிட்டைல்கோலினும் செலுத்திப் பார்க்க வேண்டும். ஸ்காட்லாந்தில் 151 பேரிடம் இப்படி அளந்து, எந்த வகை என்று தெரிந்து மருந்து பெற்றவர்களுக்கு ஆறு மாதத்தில் வலி தெளிவாகக் குறைந்தது. 2018-இல் வெளியான ஆய்வு. ஆனால் உங்களுக்கு இப்போதே இன்னொரு முறை கம்பியை விட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். மருந்துகளை ஒழுங்காகச் சாப்பிட்டு இரண்டு மூன்று மாதம் பார்த்தும் வலி அடங்காவிட்டால், பெரிய மருத்துவமனையில் இதைச் செய்கிறார்களா என்று விசாரிக்கலாம்.

மாத்திரைக்கு வருகிறேன். கொழுப்பு மாத்திரையை நிறுத்தியது சரியில்லை. உங்கள் டாக்டரிடம் பேசி மறுபடி தொடங்குங்கள். ஸ்டேட்டின் வகையான அந்த மாத்திரை எல்டிஎல்லைக் குறைப்பதோடு உட்சுவரில் நைட்ரிக் ஆக்சைடு உற்பத்திக்கும் கைகொடுக்கிறது. 20 சதவீதப் படிவு 20-லேயே நிற்க அதுதான் துணை. சுகரைக் கொஞ்சம் ஏற்றும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். உண்மைதான், கொஞ்சம் ஏற்றும். அதைவிடப் பல மடங்கு நன்மை மாரடைப்பைத் தடுப்பதில் கிடைக்கிறது. பிரஷருக்கு, சிறுநீரில் அல்புமின் கசிகிறவர்களுக்கு ராமிப்ரில் அல்லது டெல்மிசார்டன் வகை மாத்திரை பொருத்தம். தொடங்கிய ஓரிரு வாரத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். விடியற்கால வலிக்குத் தமனியைத் தளர்த்தும் கால்சியம் சானல் பிளாக்கர் வகை மாத்திரை நன்றாக வேலை செய்யும். நாக்கடி மாத்திரை நுண்குழாய் வலியில் சிலருக்குப் பலிக்கும், சிலருக்குப் பலிக்காது. பலிக்கவில்லை என்பதால் அது இதய வலி இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சுகருக்கு மெட்ஃபார்மின் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள், உங்கள் எண்களுக்கு அது நியாயமான கேள்வி.

பவுடர் விவகாரம். ஆர்ஜினினில் இருந்துதான் உடம்பு நைட்ரிக் ஆக்சைடைச் செய்கிறது, அதனால் ஆர்ஜினினைச் சாப்பிட்டால் குழாய் சரியாகும் என்பது கேட்பதற்கு ஒழுங்கான வாதம். டாக்டர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். மாரடைப்பு வந்த 153 பேரைச் சேர்த்துப் பாதிப் பேருக்கு ஆர்ஜினினும் மீதிப் பேருக்குப் போலி மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். குழாய்கள் மென்மையாகவில்லை. ஆர்ஜினின் சாப்பிட்டவர்களில் ஆறு பேர் இறந்தார்கள், மற்ற பக்கத்தில் ஒருவரும் இல்லை. ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள், 2006-இல் வெளியானது. உங்களுக்கு மாரடைப்பு வரவில்லைதான். ஆனாலும் பலன் தெரியாத ஒன்றுக்கு மாதம் 3,000 ரூபாயா? உடம்பில் ஆர்ஜினின் பற்றாக்குறை இல்லை, அதை வைத்து வேலை செய்யும் நொதிதான் தடுமாறுகிறது. வைட்டமின் ஈ கதையும் இதுவே. 9,500 பேருக்கு மேல் சேர்த்து 2000-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் அது இதயத்துக்கு ஒரு நன்மையும் செய்யவில்லை. அதே ஆய்வில் மலிவான ராமிப்ரில் உயிர்களைக் காப்பாற்றியது. ஆனால் ராமிப்ரிலை யாரும் வீடு வீடாக வந்து விற்பதில்லை.

இ.இ.சி.பி. மோசடி இல்லை. மருந்துக்கும் பலூனுக்கும் பைபாஸுக்கும் அடங்காத நெஞ்சுவலிக்கு அதற்கு ஓர் இடம் இருக்கிறது. அடைப்பைக் கரைக்கும் என்று விளம்பரம் செய்வதுதான் பொய். உங்களுக்கு இன்னும் மருந்தே ஒழுங்காகத் தொடங்கவில்லை, இப்போது அது தேவையில்லை.

பீட்ரூட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, பவுடரை நிறுத்தினால் அடுத்து யாராவது அதைச் சொல்வார்கள் என்பதால் முந்திக்கொள்கிறேன். பீட்ரூட்டிலும் கீரைகளிலும் உள்ள நைட்ரேட்டை வாயில் இருக்கும் பாக்டீரியாக்கள் மாற்றிக்கொடுக்க, அது உடம்பில் நைட்ரிக் ஆக்சைடாகிறது. பிரஷரை ஓரளவு குறைக்கும். ஜூஸாகப் பிழிந்து சர்க்கரை போட்டுக் குடிக்காமல், பொரியலாகச் சாப்பிடுங்கள். முளைக்கீரையும் அரைக்கீரையும் இந்த வேலையைச் செய்யும். அந்தப் பாக்டீரியாக்களைக் கொல்லும் கிருமிநாசினி மவுத்வாஷை டாக்டர் சொல்லாமல் தினமும் பயன்படுத்த வேண்டாம், சிலருக்கு அதனாலேயே பிரஷர் சற்று ஏறுகிறது. ஈறில் ரத்தம் வருகிறதா? வந்தால் பல் டாக்டரைப் பாருங்கள். ஈறு நோயை முழுமையாகச் சரிசெய்தால் ஆறு மாதத்தில் உட்சுவரின் வேலை தேறியதை லண்டனில் அளந்து காட்டியிருக்கிறார்கள்.

சாப்பாட்டில் பெரிதாக எதையும் தலைகீழாக்க வேண்டாம். சாதத்தை இப்போதைய அளவில் பாதியாக்கி, அந்த இடத்தைக் காய், கீரை, சுண்டல், பருப்பு, மீனால் நிரப்புங்கள். உப்பு எல்லாம் சேர்த்து நாளைக்கு 5 கிராமுக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் கணக்கில் வரும். சீடை, முறுக்கு, தேன்குழல் என்று காரைக்குடிக்காரரிடம் சொல்லித் தப்ப முடியாது என்று தெரியும். தினசரி பலகாரத்தை விசேஷ நாள் பலகாரமாக்கினால் போதும். ஒரு முறை காய்ச்சிய எண்ணெயை மறுபடி சட்டியில் ஏற்ற வேண்டாம்.

நடை மட்டும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டிய விஷயம். ஒரே ரத்தம்தான் எல்லாக் குழாயிலும் ஓடுகிறது, ஒரே கொலஸ்ட்ரால்தான் எங்கும் இருக்கிறது. அப்படியிருக்கக் கொழுப்புப் படிவு ஏன் தமனிகள் பிரியும் இடத்திலும் வளைவிலும் அதிகம் வருகிறது? ரத்தம் நேராக, சீராக ஓடும் இடத்தில் அது உட்சுவரைத் தடவிக்கொண்டு போகிறது. அந்தத் தடவலை உணர்ந்து செல்கள் நைட்ரிக் ஆக்சைடை விடுகின்றன. வளைவிலும் கிளை பிரியும் இடத்திலும் ஓட்டம் சுழன்று தடுமாறும், தூண்டுதல் குறையும், அங்கே கொழுப்பு புகுந்துகொள்ளும். நடக்கும்போது ரத்த ஓட்டம் கூடி அந்தத் தடவல் உடம்பெங்கும் அதிகமாகிறது. ஜெர்மனியின் லைப்சிக்கில், கரோனரித் தமனி அசிட்டைல்கோலினுக்குச் சுருங்கிய நோயாளிகளை மருத்துவர் கண்காணிப்பில் நான்கு வாரம் உடற்பயிற்சி செய்ய வைத்து மறுபடி அளந்தார்கள். சுருக்கம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. 2000-இல் வந்த ஆய்வு அது. மாத்திரை தொடங்கி வலி அடங்கிய பிறகு, சமதரையில் வலி வராத வேகத்தில் பத்து நிமிடம் தொடங்குங்கள். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டிக்கொண்டு அரை மணி நேரத்துக்கு வாருங்கள். சாப்பிட்ட பிறகு பத்து நிமிட மெதுவான நடை சுகரையும் பிடித்து வைக்கும். வலி வந்தால் நின்றுவிடுங்கள், வீம்பு வேண்டாம்.

வீட்டுக்காரர் சிகரெட் காரணமா என்று கேட்டீர்கள். ஆம். ஜப்பானில் புகைக்காதவர்களை அரை மணி நேரம் சிகரெட் புகை உள்ள அறையில் உட்கார வைத்து அளந்தார்கள், கரோனரியில் ரத்த ஓட்டம் கூடும் திறன் சரிந்து புகைப்பவர்களின் அளவுக்கு வந்துவிட்டது. அரை மணி நேரம்தான். ஜன்னலைத் திறந்து வைத்துப் பிடிக்கிறேன் என்பதெல்லாம் செல்லாது. வாசலுக்கு வெளியே போகட்டும், விட்டுவிட்டால் அவருக்கும் நல்லது. இந்தப் பத்தியை அவரிடம் காட்டுங்கள். அவரிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆண்களுக்கு உட்சுவர் நலிவின் முதல் அறிகுறி பெரும்பாலும் தாம்பத்திய உறவில் தெரியும், ஏனென்றால் அங்குள்ள தமனி கரோனரியைவிடச் சிறியது. நெஞ்சுவலி வருவதற்கு இரண்டு மூன்று வருடம் முன்பே விறைப்புக் குறைவு தொடங்கலாம். வெட்கப்பட்டுக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்கள் இதயத்தைப் பரிசோதிக்காமலே விட்டுவிடுகிறார்கள். உங்கள் வீட்டில் நாக்கடி மாத்திரை இருந்தால் கூடுதல் எச்சரிக்கை: அந்த சில்டெனாஃபில் வகை மாத்திரை போட்டவர் நெஞ்சு வலிக்கிறது என்று உங்கள் மாத்திரையை எடுத்து நாக்கடியில் வைத்தால் பிரஷர் அதலபாதாளத்துக்கு இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

பழனி யாத்திரை. தைப்பூசத்துக்குள் மாத்திரைகள் தொடங்கி, பிரஷர் 130/80-க்குள் வந்து, அரை மணி நேரம் வலியில்லாமல் நடக்க முடிகிறது என்ற நிலைக்கு நீங்கள் வந்திருந்தால்கூட, காரைக்குடியிலிருந்து முழுத் தூரமும் நாள்கணக்கில் நடப்பதை இந்த வருடம் நான் அனுமதிக்க மாட்டேன். கடைசி ஐந்தாறு கிலோமீட்டர் உங்கள் ஊர்க்காரர்களோடு சேர்ந்து நடங்கள், அதிகாலைக் குளிரிலோ உச்சி வெயிலிலோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மலைக்குப் படியில் ஏறாமல் விஞ்சிலோ ரோப் காரிலோ போய் வாருங்கள். மாத்திரை டப்பா, டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல், கூட வருகிறவரின் போனில் உங்கள் டாக்டர் நம்பர், இந்த மூன்றும் பையில் இருக்கட்டும். அடுத்த வருடத்துக்கான முழு நடையைப் பற்றி, இடையில் ஒரு டிரெட்மில் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டு உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.